குறுக்கே சிரிக்கும் ஆள்

பெரம்பலூர் கடைவீதியில் எங்கள் அண்ணன் காசிநாதனின் கேசட் கடையில் உட்கார்ந்தால் ஊரில் இருக்கிற வாய்க்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பாட்டைப் பதிந்து கொடுத்தால் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார்கள். ரெட்டிபாளையம் சிமெண்ட் பேக்டரிக்காரர் ஒருத்தர் நாதஸ்வர கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "தவில்தான் கேக்குது, நாயனம் எங்கம்மா?" என்பார். மூலையில் வாடகைக்கு வைத்திருக்கும் சாகசக் கதைப் புத்தகங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வருவார்கள். "என்னக்கா, கடைசியில அவன் அவளைப் பாக்காமயே கப்பலேறிட்டான்?" என்று என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள். நானா அவனைக் கப்பலேற்றினேன்?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அந்த நாடகக் கேசட்டைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மட்டும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

செட்டிகுளம் திருவிழாவில் திருச்சியிலிருந்து வந்த குழு போட்ட சிரிப்பு நாடகம் அது. அண்ணன் மைக் வைத்துப் பதிந்தார். ஒயரைப் பிடிக்க என் வீட்டுக்காரர் இளையபெருமாள் கூடப் போனார். மைக்குக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? மாப்பிள்ளை வேஷக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு முட்டி, கொஞ்சம் அடங்கி, மறுபடியும் பிய்த்துக்கொண்டு வரும் சிரிப்பு. ஒரு மணி நேர நாடகத்தில் பாதி அவர்தான்.

பதிந்த இரண்டாம் மாதமே கட்டட வேலைக்கு மஸ்கட் போய்விட்டார். வீட்டுக்கு ஓடு மாற்றணும், கடனை அடைக்கணும், ரெண்டே வருஷம் என்றார். மூன்றாகிவிட்டது. நலம் நலமறிய அவா என்று கடிதாசி வரும், பணம் வரும். சிரிப்பை எந்தத் தபாலில் அனுப்புவார்? கடையில் ஆளில்லாத மத்தியானங்களில் அந்தக் கேசட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். நாடகம் யாருக்கு வேண்டும்?

பாடாலூர் டீக்கடை அய்யம்பெருமாள் ஒருநாள் பஸ் ஏறி வந்து கேசட்டை மேசையில் வைத்தார்.

"எவம்மா அவன், குதிரை கனைக்கிற மாதிரி? ஒரு வசனம் காதுல வுழல. கடையில போட்டா அத்தினி பேரும் அவனைத்தான் திட்டுறான்."

"சிரிப்பு நாடகத்துக்குச் சிரிக்காம அழுவாங்களா? புடிச்சா கேளுங்க, இல்லாட்டி வச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவர் போனதும் அண்ணன் பிடித்துக்கொண்டார். "வந்தவங்க அத்தினி பேரும் இதையேதான் சொல்றாங்க. இந்த வருஷமும் அதே குழு வருது. மூல கேசட்டு நல்ல டேப்பு. நம்ம வூட்டு மாப்ள சிரிப்பை அழிச்சிட்டு அதுலயே புதுசாப் பதிஞ்சிடுவோம்."

அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் மூல கேசட்டை எடுத்து, அதன் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் குண்டூசியால் நெம்பி உடைத்தேன். பல் போனால் மேலே பதிய முடியாது. அண்ணன் வந்து பார்த்தார். "பேப்பர் ஒட்டுனா பதியும், தெரியுமுல்ல?" என்றார்.

"ஒட்டித்தான் பாருங்களேன்!"

கத்திவிட்டு அழுதுவிட்டேன். அண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். இரண்டு மாத லீவு. காதோரம் நரைத்திருந்தது. யார் என்ன கேட்டாலும் "ம்" என்றார். அண்ணன் கேலி பேசினார், அதற்கும் "ம்". பயணக் களைப்பு என்று ஒரு வாரம் விட்டேன். ஒரு மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவரை உட்கார வைத்து, ஒன்றும் சொல்லாமல் கேசட்டைப் போட்டேன். கேட்டதும் சிரித்துவிடுவார், அது போதும் எனக்கு என்று எதிரிலேயே நின்றேன்.

நாடகம் ஓடியது. சிரிப்பு கிளம்பியது, முட்டியது, அடங்கியது, பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு சிந்தாமணி அந்தாளு?"

"எந்தாளுங்க?"

"சிரிக்கிறானே, அவன்தான். குடுத்து வச்சவன்."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மூன்று வருஷமாக வந்தவர் போனவரெல்லாம் திட்டிய சிரிப்பை ஒருத்தராவது மெச்சமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். மெச்சிய ஒரே ஆள் இவர். 

"ஐயோ, நீங்கதாங்க அது."

"போடி, வேலையைப் பாரு" என்றார். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு ஸ்டூலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "திருப்பிப் போடு."

போட்டேன். டேப்ரிக்கார்டர்மேல் காதை வைத்துக்கொண்டு கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார்.

"அந்த எடத்துல எதுக்குச் சிரிச்சேன்?"

நாடகத்து மாப்பிள்ளை தன் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய கதையை எடுத்துச் சொன்னேன். கையை ஆட்டிச் சொன்னேன், குரலை மாற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "சரி" என்றார்.

அந்தச் சிரிக்கிற ஆள் எனக்கு வேண்டும். இதோ, கைக்கெட்டும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் ஏழு வாரம் லீவு இருக்கிறது, எனக்கு அந்த ஆள் வேண்டும்.