பன்னிரண்டாவது அமர்வில் படம் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது, அதன் கீழே இருக்கும் கையெழுத்து என் அக்காவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போகச் சொல்லத் தெம்பு இருக்காது.

அக்கா ஓவிய சிகிச்சையாளர். அப்படிச் சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் "அப்படின்னா?" என்று கேட்பார்கள். பத்தாவது ஆள் எங்கள் அத்தை. அவள் கேட்கவே மாட்டாள், தீர்ப்பாகவே சொல்லிவிடுவாள்: "படம் போட சொல்லித் தரா. என் மக கூடத்தான் நல்லா போடுவா, அவளுக்கும் அங்க ஒரு வேலை பாத்துக் குடேன்டி." பதினான்கு வருடமாக விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் அக்கா "சரி அத்தை, பாக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துபவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். கதைகளில் பிழை திருத்த யாரும் இல்லை என்பதுதான் என் கஷ்டம்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முயன்றேன்.

முதல் தொடக்கம்: "மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், வண்ணங்களின் மணம் கமழும் ஒரு சிறிய அறை..." (கமழவில்லை. அந்த அறை சலவைப் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "பினாயில் நாத்தம்தான் வரும், போய் மோந்து பாரு" என்றாள் அக்கா.)

இரண்டாவது தொடக்கம்: "அவள் விரல் நுனிகளில் எப்போதும் ஒரு நீலக் கறை, அது ஏதோ ஒரு..." (விட்டுவிட்டேன். அக்கா கை கழுவுகிறவள்.)

மூன்றாவது தொடக்கம் இது: டிப்ளமா ஒன்று. நோயாளிகளோடு நேரடியாக அறுநூறு மணி நேரம். மேற்பார்வையில் நூறு மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் ஒரு கையெழுத்து. ஒரே நோயாளியுடன் நடந்த பன்னிரண்டு அமர்வுகளைப் பற்றி ஓர் அறிக்கை. கடைசியாக நேர்முகம். இவ்வளவும் முடித்தால்தான் 'பதிவு பெற்ற ஓவிய சிகிச்சையாளர்'.

அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் உண்மையான தொடக்கம் இதுதான். ஏனென்றால் பதினான்கு வருடம் இந்த வேலையைச் செய்த பிறகும் அக்காவின் பதவிப் பெயர் 'பொழுதுபோக்கு உதவியாளர்'. போன வருடம் புது விதி வந்தது: பதிவு இல்லாதவர்கள் இனி நோயாளிகளைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இந்த வருடக் கடைசிக்குள் பதிவு வராவிட்டால் அந்த அறை பிசியோதெரபிக்குப் போய்விடும். அவர்கள் ஏற்கெனவே டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அளக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அக்காதான்.

ஆக, நாற்பத்தாறு வயதில் அக்கா படிக்கப் போனாள். வகுப்பில் பாதிப் பேர் அவளை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம்.

3

மேற்பார்வைக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற மனநல மருத்துவர் ஒருவர். அக்கா அவரை 'மேடம்' என்பாள், நான் 'பச்சை மை' என்பேன். அக்காவின் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் ஒரே கேள்வியை எழுதிவைப்பார்: பார்த்தாயா?

"அவர் சோகமாக இருந்தார்" என்று அக்கா எழுதியிருப்பாள். ஓரத்தில்: பார்த்தாயா? அக்கா அதை அடித்துவிட்டு, "இருபது நிமிடம் தலை நிமிரவில்லை" என்று மாற்றி எழுதுவாள். அதற்குத்தான் கையெழுத்து கிடைக்கும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. இது அந்தத் தொழிலின் முதல் பாடம். இரண்டாவது பாடம், இன்னொருவர் படத்தில் கை வைக்காதே. கோணலான கோட்டைக் கூட நிமிர்த்தக் கூடாது. ஒரு புள்ளி கூடாது.

(இந்த இரண்டு பாடமும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் என் மேல் இரக்கப்பட வேண்டாம்.)

4

இப்போது அந்த நோயாளி. அவரை டிரைவர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் டிரைவர் இல்லை. அக்காவின் அறிக்கையில் அவருக்குப் பெயர் கிடையாது, ஓர் எண்தான். இந்தக் கதைக்காக நான் அவர் தொழிலை மாற்றினேன், நடந்த விபத்தை மாற்றினேன், அவர் வரைந்ததையும் மாற்றினேன். அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு இன்னும் மூன்று விஷயங்களை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். ஆகவே தேடிப் பார்க்காதீர்கள், கிடைக்க மாட்டார்.

மாற்றியதெல்லாம் போக இப்போது இருப்பது இது. டிரைவர் இருபத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு காலையில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். விசாரணையில், டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு அந்தக் காகிதம் போதவில்லை. அப்புறம் அவரால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

வாரம் ஒரு தடவை அக்காவின் அறைக்கு வந்தார். பதினோரு வாரம், பதினோரு படம். எல்லாம் ஒரே படம்தான்: டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்கண்ணாடி. கீழே ஸ்டியரிங்கின் மேல் விளிம்பு, ஒரு வைப்பர், கண்ணாடிக்கு அப்பால் சாலை. ஏழாவது படத்தில் ஓரமாக மரங்கள் வந்தன. ஒன்பதாவதில் கண்ணாடியில் மழைத்துளி. சாலை மட்டும் பதினொன்றிலும் காலியாகவே கிடந்தது.

பன்னிரண்டாவது அமர்வைப் பற்றி அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "படம் இல்லை. தூரிகைகளைக் கழுவினார். நாற்பது நிமிடம்."

5

அறிக்கையை என்னிடம் கொடுத்து, "எழுத்துப் பிழை மட்டும் பாருடா. என் கண்ணு அவிஞ்சு போச்சு" என்றாள்.

பார்த்தேன். நாற்பது பக்கம், வறட்சியான தமிழ், ஆனால் மனதைப் பிசைகிற விஷயம். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பதினோரு படமும் ஏதோ ஒன்றை நோக்கிப் போகின்றன, கடைசியில் மனிதர் பிரஷ் கழுவுகிறார். இதைப் படித்துவிட்டு யார் என் அக்காவுக்குப் பதிவு கொடுப்பார்கள்?

நான் எழுதினேன்: "பன்னிரண்டாவது அமர்வில், முதன்முறையாக, சாலையில் ஒரு மனித உருவம் தோன்றியது. வரைந்து முடித்ததும் அவர் அழுதார்."

இரண்டே வாக்கியம். நல்ல வாக்கியங்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகிற வழியில் வந்து, கதவருகே நின்றபடியே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். "இதில் உள்ள அனைத்தும் நான் நேரில் கண்டவை. வேறு எவருக்கும் இதைக் காட்டவில்லை" என்ற வரிக்குக் கீழே.*

* அதனால் "தம்பி மாற்றிவிட்டான்" என்று அவள் சாக்குச் சொல்லவும் முடியாது. சாக்கு, குற்றத்தைவிடப் பெரிய குற்றம்.

6

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா கடிதத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதிவுக் குழு எழுதியிருந்தது: "தங்கள் அறிக்கை, குறிப்பாக இறுதி அமர்வு, எங்களை நெகிழவைத்தது. பன்னிரண்டாவது ஓவியத்தின் அசலைப் பத்து நாட்களுக்குள் அனுப்பி வைக்கவும்."

(வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். 'நெகிழவைத்தது' என்பதைப் படித்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் எழுத்தைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லி வருடக்கணக்கு ஆகிறது.)

"எதாவது மாத்தினியா?"

"பிழைதான் பாத்தேன்க்கா. அப்புறம் கடைசில மட்டும் கொஞ்சம்..."

"கொஞ்சம்னா?"

"முடிவே இல்லாம இருந்துச்சு."

"அவருக்கு இன்னும் எதுவும் முடியலயேடா. நான் எங்க போய் முடிவு கொண்டு வர்றது?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அறிக்கையில் பொய் இருந்தால் மூன்று வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்றாள். மூன்று வருடத்தில் அந்த அறையில் நடைமெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவளிடம் இப்போது வருகிற பத்துப் பதினைந்து பேரும் வேறு எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவரையே கூப்பிட்டு, இன்னொரு தடவை வரையச் சொன்னா?"

"வரைவாரு. நான் சொன்னா என்ன வேணா வரைவாரு. அந்த ஆளையும் ரோட்டுல கொண்டு வந்து நிறுத்துவாரு." கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அதான் கேக்க மாட்டேன்."

"மேடத்துக்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டாங்க."

என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

7

அந்த வாரம் நானே அந்தப் படத்தை வரைந்தேன். அதே அளவுத் தாள், அதே ரக வண்ணம், தூரிகை. என் கை என்று தெரியாமல் இருக்க இடது கையால். மூன்று தாள் வீணாயிற்று, நான்காவது எனக்கே பிடித்திருந்தது. ஸ்டியரிங், வைப்பர், மரங்கள், சாலையின் நடுவே ஓர் உருவம்.

அடுத்த சனிக்கிழமை மேஜையில் விரித்துவைத்தேன். அக்கா இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினாள். பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்று கூப்பிட்டவள்.

"இதைப் பத்தி எதாவது சொல்லணும்னு தோணுதா உங்களுக்கு?"

"விளையாடாதக்கா."

"ரோட்டுல நிக்கறவங்க யாரு?"

"சும்மா ஒரு ஆளு."

"மூஞ்சி இல்லையே."

"தூரத்துல நிக்கறாங்கல்ல, அதான்."

"எவ்வளவு தூரம்?"

பார்த்தேன். உருவம் வைப்பருக்குப் பக்கத்திலேயே நின்றது. பெரிதாக வரைந்தால்தான் படம் எடுப்பாக இருக்கும் என்று நான்தான் அப்படி வரைந்திருந்தேன்.

"இந்தத் தூரத்துல பிரேக் பிடிக்காதுடா" என்றாள் அக்கா, தன் பழைய குரலில்.

நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டேன். அந்த மனிதர் பதினோரு வாரம் காலியாக வைத்திருந்த சாலை அது. காலியாக வைக்க அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா படத்தைக் கிழிக்கவில்லை. யார் படத்தையும் கிழிக்கக் கூடாதாம், மோசடிப் படமாக இருந்தாலும். பின்பக்கம் தேதி போட்டு, 'தம்பி' என்று எழுதி, பையில் வைத்துக்கொண்டாள்.

"பேப்பர் எடு. நான் சொல்றேன், நீ எழுது. சொல்றத மட்டும்."

8

எழுதினேன். "பன்னிரண்டாவது ஓவியம் என்று ஒன்று இல்லை. அறிக்கையின் கடைசி இரண்டு வாக்கியங்கள் நான் கண்டவை அல்ல. அறிக்கையை என் சகோதரரிடம் காட்டியதும் என் தவறு. அன்று நடந்தது இது: தூரிகைகளைக் கழுவினார். நாற்பது நிமிடம்."

"'அமைதியாக'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கட்டுமா?"

"அமைதியாவா கழுவினாரு? நீ பாத்தியா?"

சேர்க்கவில்லை.

அக்கா கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை முழுவதும் படித்துவிட்டு.

9

வழக்கமாக இங்கே நான் ஒரு முடிவு வைப்பேன். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குழுத் தலைவர் அக்காவின் நேர்மையைப் பாராட்டி, தானே எழுந்து வந்து... (இது என் பழைய கைவரிசை. அக்கா பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.)

இரண்டு: பதிவு இல்லை. படம் வரையும் பலகை நின்ற இடத்தில் நடைமெஷின். 'பொழுதுபோக்கு உதவியாளர்' அதைத் துணியால் துடைக்கிறாள். (இது நிஜம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். இதற்கும் கோடு.)

மூன்று: ஒரு நாள் டிரைவர் பஸ்ஸில் ஏறி, பயணிகள் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை.)

குழுவிடமிருந்து இதுவரை பதில் இல்லை. அக்கா தினமும் வேலைக்குப் போகிறாள். வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு, அக்கா என் சமையலறைக்குப் போனாள். இரண்டு நாளாகத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லாவற்றையும் கழுவினாள். சுத்தமாக இருந்த டம்ளர்களையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவினாள். பதினைந்து நிமிடம் இருக்கும். துடைத்துக் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை எழுதிச் சேர்க்கவும் இல்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவுக்குப் பதிவு கொடுங்கள், கொடுக்காமலும் விடுங்கள். அறையை யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்குங்கள். அந்தச் சாலையில் மட்டும் யாரையும் கொண்டு வந்து நிறுத்திவிடாதீர்கள்.