கொடியில் வெயில் விழும் பாதி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோனேன் என்று வரக்கூடாது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பெருமைக்குச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, புது மிக்ஸியில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எல்லாம் என் தலையில்தான் விழும். தங்கைக்கு மாதவிடாய் தொடங்கியபோதும் அம்மா அதையேதான் சொன்னாள்: "நீதானே படிச்சவ. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

பேட் வாங்குவது இருக்கட்டும் என்று முதலில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு மொட்டு மலர்

(நிறுத்திவிட்டேன். மொட்டாம், மலராம். சின்னப் பிள்ளைக்கு ரத்தம் வந்தால் உடனே தோட்டத்தைக் கூப்பிடுகிற வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, அவர்கள் கையில் ஒரு வாளியையும் சோப்பையும் கொடுக்க வேண்டும்.)

2

நடந்தது இது. தங்கையை வீட்டில் சில்வண்டு என்போம், வாய் ஓயாது. குளியலறையிலிருந்து கத்தினாள்: "அக்கா! ஆரம்பிச்சிடுச்சு!" ஏதோ மேட்ச் ஆரம்பித்த மாதிரி.

"மெதுவாடி! கீழ்வீடு வரைக்கும் கேக்குது," என்று அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

நான் கதவைத் திறந்தபோது அவள் வாளிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நனைத்த ஜட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூல் தண்ணீரில் இறங்கியது. விரிந்தது. காணாமல் போனது.

"அக்கா, எங்கயும் அடிபடல. காயமே இல்ல. ஆனா ரத்தம் வருது பாரேன்!"

"பயமா இருக்கா?"

"பயமா? இல்லக்கா, எப்படி இது? யார் சொல்லி வருது?"

எனக்கு இது தொடங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எரிச்சல் பட்டிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், பரீட்சை நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட வாய் பிளந்து பார்த்ததில்லை. அன்று அவளோடு வாளிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

(என் கோபம் சற்று நகர்ந்து இடம் விட்டது இங்கேதான். கதை கெட்டுப்போனதும் இங்கிருந்துதான்.)

3

தூக்கிப் போடுகிற பேட் உரசுகிறது என்றாள் சில்வண்டு. அவள் பள்ளிக் கழிப்பறையில் குப்பைத்தொட்டியும் கிடையாது. துவைத்துப் போடும் துணிப் பேட் என்றால் கழற்றியதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா மேசையில் பரப்பினார்.

அம்மா இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். "வளர்ற பொண்ணு. ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க."

"அம்மா, இது யூனிபார்மா? மடிச்சுத் தைச்சு வருஷா வருஷம் பிரிச்சு விடுறதுக்கு?"

"பின்னாடி வால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்மா," என்றாள் சில்வண்டு. கடைக்காரம்மா திரும்பி நின்று அலமாரியைத் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கியது.

நான் கருநீலத்தை எடுத்தேன். "இது எடு. கறை தெரியாது."

"தெரியலன்னா, போச்சா இல்லையான்னு எப்படிக்கா கண்டுபிடிப்பேன்?"

(ஒளிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள் நான். என் கை தானாகப் போய் எடுத்தது, கறை ஒளிந்துகொள்ளும் நிறம்.)

அவள் ஒவ்வொன்றையும் பிரித்தாள், மடித்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள். கடைசியில் எடுத்தது சின்ன அளவு, வெளிர் மஞ்சள், உள்துணி கைக்குட்டை போல விரிகிற ஒன்று. "இதுதான் சீக்கிரம் காயும்." அம்மாவின் பெரிய பேடும் ஒன்று கூடவே வந்தது. அம்மா பிடி விடவில்லை.

4

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா முதல் எல்லாக் குடித்தனமும் துணி காயப்போடும் எங்கள் மொட்டைமாடிக் கொடிக்கு யாரும் எழுதாத ஒரு சட்டம் உண்டு. சட்டை, போர்வை, பனியன் எல்லாம் வெயில் விழும் பாதியில். பெண்களின் உள்ளாடை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துண்டுக்கு அடியில். அம்மா அரிப்பால் பல வருடம் அவதிப்பட்டாள். ஈரம் போகாத துணிதான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகும் இடத்தை மாற்றவில்லை. புதுப் பேட்களை அலசி அதே இடத்தில் போட்டுவிட்டு, "இனிமே உனக்கும் இதுதான் இடம்," என்று சில்வண்டுக்கும் காட்டினாள்.

இந்தக் கதையில் இருப்பது ஒரே கேள்விதான்: இவள் துணி வெயிலில் காயுமா, துண்டுக்கடியில் புழுங்குமா? மற்றதெல்லாம் என் வாய்.

5

அப்பா வேன் ஓட்டுநர். அவருக்காக மூன்று பக்க வசனம் எழுதி வைத்திருந்தேன். அவர் கத்துவார், நான் பதிலுக்குக் கிழிப்பேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

மழை தூறியது. அவரே மாடிக்கு ஓடி எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் மூவரும் சமையலறைக்குள் நுழைந்தபோது டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கெட்டில் கைப்பிடியில் மஞ்சள் பேட். பட்டன் கச்சிதமாகப் பூட்டியிருந்தது, அதற்கென்றே தைத்த மாதிரி. பெரியது பால் பாத்திரத்தின் பிடியில்.

"எல்லாம் காஞ்சிருக்கு, இந்தப் பிடிதுணி மட்டும் ஈரம். சூட்டுல காயட்டும்னு மாட்டினேன். யார் வாங்கினது? பட்டன் எல்லாம் வச்சு நல்லாத்தான் இருக்கு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். சில்வண்டு முந்திக்கொண்டாள்.

"அப்பா, அது என் பேட்."

"எந்தப் பேட்?"

"மாசாமாசம் வருமே, அதுக்கு."

அப்பாவின் காது சிவந்தது. கெட்டிலைக் கீழே வைத்தார். பட்டனைக் கழற்றினார். அம்மாவிடம் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். சில்வண்டிடமே நீட்டினார்.

"பாத்துப் பிடி, சூடா இருக்கு." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "தொட்டிக்குப் பின்னாடி போட்டா எப்படிக் காயும்? அங்க வெயிலே வராதே."

யாருக்குப் பயந்து அந்தச் சட்டம் உண்டானதோ, அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது! (தெரியாமலே காலம் தள்ள முடிந்ததும் ஒரு சொகுசுதான். அதையும் எழுதத்தான் செய்வேன்.) ஆனால் அந்த நிமிடம், முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள்போல நின்றேன்.

6

முடிவு ஒன்று: சில்வண்டு வெயில் பாதியில் போடுகிறாள். மறுநாள் மாடி முழுக்க எல்லா வீட்டுப் பெண்களின் துணியும் காற்றில் ஆடுகிறது. (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: வீட்டுக்காரம்மா வந்து, இரண்டு விரலால் அதை எடுத்து, தொட்டிக்குப் பின்னால்

(எழுதக் கை வரவில்லை. நடக்கக்கூடியது என்பதால்தான்.)

சில்வண்டு எல்லாவற்றையும் படித்தாள். "வாளியைப் பத்தி மட்டும்தான்க்கா உருப்படியா எழுதியிருக்க."

"சரிடி பெரிய மனுஷி. நீ எங்க போட்டன்னு எழுதி முடிச்சிடட்டுமா?"

"எழுதாத. எழுதினா, 'ஓ, அந்தப் பொண்ணு போட்டுட்டா'ன்னு மூடி வச்சிட்டுப் போயிடுவாங்க. அவங்க வீட்டுக் கொடியில எங்க தொங்குதுன்னு கேளு."

கேட்டுவிட்டேன்.

ஆகவே அவளை மாடியிலேயே நிறுத்திவைக்கிறேன். முதன்முறையாகத் தானே துவைத்த மஞ்சள் பேட் கையில் சொட்டுகிறது. ஒரு பக்கம் தொட்டியின் நிழல். மறுபக்கம் கண் கூசும் வெயில். அங்கே வீட்டுக்காரம்மா போர்வையை உதறுவதை நிறுத்திவிட்டு இவளையே பார்க்கிறார். அம்மா படியில் துண்டோடு நிற்கிறாள். எங்கே போடப்போகிறாய் என்று கேட்கிறேன். சில்வண்டால் பதில் சொல்ல முடியாது. ஓயாத அந்த வாயில் துணி மாட்டும் கிளிப் இரண்டு.