வாளியில் இருந்த துரை

மாமனார் தன் மகள் வீட்டுக்குப் புறப்படும்போது மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு உயிரை. அது ஒரு தங்கமீன். ஊரை விலைக்கு வாங்கியதுபோல் மிதப்பாக நீந்தும் என்பதால் அவர் அதற்கு வைத்த பெயர் துரை. இரை டப்பாவை அவள் கையில் கொடுத்து, ஒரு சிட்டிகைக்கு மேல் போட வேண்டாம், பட்டினி கிடந்ததுபோல்தான் எப்போதும் பார்க்கும், அதை நம்பிவிடாதே என்றார். அவர் அவளிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதே அபூர்வம்.

அவள் நம்பிவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு அவள் வீடு திரும்பினால், துரை தொட்டியின் ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாய் திறந்து கேட்கிற உயிரிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு சிட்டிகை இரண்டாகி, பிறகு கணக்கில்லாமல் போயிற்று.

ஒரு நாள் காலையில் பார்த்தால் துரை வயிறு உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே மிதந்துகொண்டிருந்தது. செவுள் மட்டும் அசைந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, கதை முடிந்தது என்றான். அவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மீன் விற்கிறவரிடம் ஓடினாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையாட்டிவிட்டார். இரை அதிகம். குடல் வீங்கி உள்ளே இருக்கும் காற்றுப்பையை நெருக்குகிறது, அதனால்தான் நிலை தவறுகிறது. இரண்டு மூன்று நாள் ஒன்றும் போடக் கூடாது. பிறகு வேகவைத்த பட்டாணியைத் தோல் உரித்து, நசுக்கி, துளி கொடுக்கலாம். தனி வாளியில், குறைவான தண்ணீரில், சிறிது கல்லுப்புப் போட்டு விட வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். மருந்து ஏதாவது வாங்கிப் போகட்டுமா என்று கேட்டாள்.

"மருந்தெல்லாம் வேணாம்மா. கை சும்மா இருந்தா போதும்."

துரை குளியலறைக்குக் குடிபோயிற்று. ஜன்னலடியில் வாளி, அதன்மேல் ஒரு பழைய துண்டு. அன்று மாலை கணவன் வேலையிலிருந்து திரும்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள் அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு மீன். அப்பாவுக்கு என்ன தெரியப் போகிறது, எல்லாம் சிவப்புதானே என்றான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் காலித் தொட்டியைப் பார்ப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. பையை வாங்கி மீனைத் தொட்டியில் விட்டாள்.

பேரப்பிள்ளைகளின் கூச்சல் தாங்காமல் மாமனார் சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்து நின்றார். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பையை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டிமுன் கொஞ்ச நேரம் நின்றார். "நல்லா இருக்கியா?" என்று மீனை விசாரித்து, ஒரு சிட்டிகை இரை போட்டு, குளிக்கப் போனார். துரை இருந்த வாளி அங்கேதான் இருந்தது. வாளியை மாற்றி வைக்க நேரமே இருக்கவில்லை.

அவர் குளித்துவிட்டு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று அவள் மூச்சுவிட்டாள். குளியலறையில் துண்டு மட்டும் ஒழுங்காக மடித்துப் போடப்பட்டிருந்தது.

துரை தேறி வந்தது. விழுவதும் நிமிர்வதுமாக இருந்தாலும் நிமிர்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. அவள் பட்டாணி கொடுக்கத் தொடங்கினாள். தேறிக்கொண்டிருந்த மீன் திடீரென்று மறுபடி உப்பிச் சாய்ந்தது. கொடுத்ததோ கால் பட்டாணி. ஒன்றும் புரியாமல் வாளித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அவள் போட்ட உப்புக்கு அவ்வளவு கரிப்பு இருக்க நியாயமில்லை.

அன்று கடையில் இருப்புக் கொள்ளாமல் மதியமே வீட்டுக்கு வந்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. மாமனார் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, உள்ளங்கையில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார். பட்டாணி.

"மாமா, போடாதீங்க."

அவர் கை அப்படியே நின்றது. "நீ காலைல குடுத்தியா?"

"குடுத்தேன்."

"நானும் தினம் குடுக்கறேன். உப்பு?"

"அதையும் போடறேன்."

"சரியாப் போச்சு. ரெண்டு பேருமா சேந்து ஊறுகா போட்டிருக்கோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எப்போது தெரிந்தது என்று கேட்டாள்.

"வந்த அன்னிக்கே. தொட்டியில இருக்கறவன் டிக்கெட் இல்லாம ஏறினவன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே."

"அப்பறம் ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்ல வேண்டி வரும். எதுக்கு உனக்கு அந்தக் கஷ்டம்?"

நான்தான் இரையை நிறையப் போட்டேன் என்றாள் அவள். அவர் ம் என்றார். இருவருமாகப் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுத்து, திறந்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார்கள். இனி உப்பு அவள் பொறுப்பு, பட்டாணி அவர் பொறுப்பு, அதுவும் மறுபடி பட்டினி போட்ட பிறகுதான் என்று முடிவாயிற்று. மகன் வாளிப் பக்கமே வரக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

இந்த முறை உண்மையிலேயே இருவர் கைகளும் சும்மா இருந்தன. வீக்கம் வற்றியது. துரை அடியில் இறங்கி நின்றது, பிறகு வாளியைச் சுற்றி வந்தது. அதைத் தொட்டிக்கு மாற்றிய அன்று புதியவன் ஒரு மூலைக்கு ஒதுங்கினான். துரை அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. நீந்தும்போது இடது பக்கம் லேசாகச் சாய்வது மட்டும் போகவில்லை.

அதைச் சரி செய்ய வேறு வழி உண்டா என்று மீன்காரரிடம் கேட்க ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மருமகளும் சேர்ந்தே போனார்கள். உயிரோடு இருக்கிறதே, சாய்ந்து நீந்தினால் நீந்தட்டும் என்றார் மீன்காரர். இவர்கள் இரண்டு மீனுக்கும் போதுமான பெரிய தொட்டி ஒன்றை விலை கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் திரும்பினார்கள்.