மெஷினுக்கு முதல் மாலை

றிப்னா தயாரிப்பாளர் என்றதும் பண்டாரவளையில் உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "நடிகர் யாரு?" என்பதுதான். இது படமில்லை, கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே வேறோர் உலகத்துக்குள் போய்க் கையால் வேலை செய்யலாம், அதை உண்டாக்குகிற ஆட்களையும் மெஷின்களையும் கட்டி மேய்ப்பதுதான் என் தொழில் என்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்தது. புடைவைக்கடை வைத்திருக்கும் வாப்பா மட்டும் பொறுமையாகக் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "அது சரி மகள், நடிகர் யாரு?" என்றார்.

இன்றைய நடிகர் வீரசிங்கம். பெரகலைக்கு மேலே மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றை ஹோட்டலாக்கிய கம்பனியின் தலைவர். அங்கே தங்க வருகிற சுற்றுலாக்காரர்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஜன்னலைத் திறந்தால் நிஜ மலையில் நிஜக் கொழுந்து இருக்கிறதுதான். ஆனால் அங்கே அட்டை கடிக்கும்.

விருந்தாளிகள் முன்னால் அவர் இன்று பறித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டால், அடுத்த கட்ட வேலைக்கான ஸ்டூடியோ பண்டாரவளையில், வாப்பாவின் கடை மேல்மாடியில், றிப்னாவின் பொறுப்பில் தொடங்கும். ஆட்டாவிட்டால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் மறுபடி ஷுக்ரிக்குக் கீழே குப்பை கொட்ட வேண்டியதுதான்.

ஷுக்ரி யார் என்று அவருடைய விசிட்டிங் கார்டைக் கேட்டால் 'அனுபவச் சிற்பி' என்று சொல்லும். உளியை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

றிப்னாவுக்குக் காலையிலிருந்து கால் தரையில் படவில்லை. ரொட்டி இறங்கவில்லை, பிளேன்டீ மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர், பேட்டரி தீர்ந்தால் வேறு பேட்டரி, மூடுபனி இறங்கினால் அறுந்துபோகும் இன்டர்நெட் இல்லாமலே ஓடும்படி எல்லாவற்றையும் கணினிக்குள் ஏற்றியாகிவிட்டது. கொழும்பு ஆபீஸில் வீரசிங்கத்தின் வழுக்கைத் தலைக்குப் பட்டியை அளவெடுத்து வைத்ததும் அவளேதான். நிகழ்ச்சி ஒழுங்கையும் அவளே போட்டாள்: முதலில் மரியாதை, பிறகு ஷுக்ரியின் உரை, அதன் பிறகு கொழுந்து.

ஊர்க்காரியாக இருந்துகொண்டு அந்த முதல் வரியை அவள் யோசிக்காமல் போட்டுவிட்டாள்.

தோட்டத்துத் தலைவர் மாரிசாமி மரியாதை என்று இறங்கினால் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தப்பு மேளம் முழங்க வீரசிங்கத்தைத் தொழிற்சாலை மாடிக்கு ஏற்றி, நெற்றியில் சந்தனம் அப்பி, தலையில் உருமால் கட்டி, செவ்வந்தி மாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தினார். கடைசி மாலையோடு வீரசிங்கத்தின் தாடை பூவுக்குள் காணாமல் போனது. அவருக்கோ முகமெல்லாம் மாப்பிள்ளைக் களை.

ஷுக்ரி மைக்கைப் பிடித்தார். "பார்வையாளன் இறந்துவிட்டான். இனி இருப்பது அனுபவம் மட்டுமே."

"யாருங்க செத்தது?" என்று மாரிசாமி பதறிப்போய்க் கேட்டார்.

"யாரும் சாவல்ல, தலைவரே. அவர் எப்பவும் அப்படித்தான்" என்றாள் றிப்னா.

வீரசிங்கத்துக்கு ஹெட்செட்டை மாட்டினார்கள். அது உருமாலைத் தாண்டி இறங்க மறுத்து, கூரையில் ஏறிய கோழி மாதிரி உட்கார்ந்தது. ஒருவழியாக அமுக்கினார்கள். அவர் காண்பதைச் சுவரில் தொங்கிய பெரிய திரை எல்லோருக்கும் காட்டியது: மலை வந்தது, தேயிலைச் செடி வந்தது, குருவிச் சத்தமும் வந்தது. கை மட்டும் வரவில்லை.

திரையில் வரவேண்டிய கைகள் தோட்டத் தொழிலாளி கலாராணியுடையவை. அவள் கொழுந்து பறிப்பதைப் பதிவு செய்துதான் அவற்றைச் செய்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த கலாராணி எழுந்தேவிட்டாள். "ஏங்க மிஸ், என் கையத்தானே குடுத்தேன்! அதயும் தொலச்சிட்டீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கையின்மை என்பது திட்டமிட்ட ஓர் அழகியல்" என்றார் ஷுக்ரி.

"கொஞ்சம் பேசாம இரிங்க நானா" என்று அந்த அண்ணனிடம் பல்லைக் கடித்த றிப்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெட்செட்டின் அடியிலுள்ள குட்டிக் கேமராக்கள்தான் கையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவை எட்டிப் பார்த்த பக்கமெல்லாம் செவ்வந்தி.

"என்ன மிஸ், கொழும்பில வேலை செஞ்சுதே?" வீரசிங்கத்தின் குரல் பூவுக்குள்ளிருந்து வந்தது. அதில் களை இறங்கத் தொடங்கியிருந்தது.

மாலையைக் கழற்றுங்கள் என்று எப்படிச் சொல்வது? போட்டவர்கள் எதிரே நின்று போனில் வீடியோ எடுக்கிறார்கள். சாத்திய மாலையைச் சபையில் உருவினால் அவமானம் தோட்டத்துக்கே. றிப்னா மாரிசாமியை ஓரமாக இழுத்தாள். பயத்தில் பாதி, மின்னலடித்த யோசனையில் மீதி.

"தலைவரே, ஆயுத பூசைக்கு ஃபெக்டரியில யாருக்கு முதல் மாலை?"

"மெஷினுக்குத்தாங்க. பெரிய தொரையே வந்தாலும் அதுக்கப்புறந்தான்."

"இன்டைக்கு நம்மட மெஷினுக்கு ஒண்ணுமே போடல்லியே."

மாரிசாமி வாயைப் பொத்திக்கொண்டார். "அடக் கடவுளே! அதான் கைய முழுங்கிருச்சி!" என்றவர், கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அய்யா கழுத்து மாலைய அய்யா கையாலேயே மெஷினுக்குச் சாத்துவாரு! அடிங்கடா தப்ப!"

தன் கையால் என்றதும் வீரசிங்கம் மறுபடி மாப்பிள்ளையானார். ஹெட்செட்டை எடுத்துவிட்டு, போன் கேமராக்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஒவ்வொரு மாலையாகக் கணினிக்குச் சூட்டினார். உருமால் ஜெனரேட்டர் சுவிட்சுக்குப் போனது. கணினிக்கு மூச்சு முட்டாமல் காற்றாடிப் பக்கத்துப் பூவை மட்டும் றிப்னா பக்தியோடு ஒதுக்கிவிட்டாள்.

இரண்டாம் முறை ஹெட்செட் வழுக்கையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. திரையில் இரண்டு கைகள் எழுந்தன. கலாராணி "அய், என் கை!" என்று கத்தினாள். வீரசிங்கம் வெறுங்காற்றில் கிள்ளக் கிள்ளத் திரையில் கொழுந்து உதிர்ந்து கூடைக்குள் விழுந்தது. மேல்மாடியே கைதட்டியது. றிப்னா தன்னை மறந்து எம்பிக் குதித்ததில் பழைய பலகைத்தளம் கிறீச்சிட்டது.

"அய்யா, முத்தின எலையயும் சேத்துப் புடுங்குறீங்க!" என்று கலாராணி கேலி செய்தாள்.

"என்ட மலை, நான் புடுங்குவன்!" என்ற வீரசிங்கம் கழற்ற மறுத்தார். அடுத்துக் காத்திருந்த விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள். அவர் காற்றில் கிள்ளியபடியே, "மிஸ், பண்டாரவளைன்னு ஏதோ கேட்டீங்களே? தொடங்குங்க. ஆனா இந்த மலைய இன்னும் பெரிசாக்கணும்" என்றார்.

இதற்குள் ஷுக்ரி மைக்கை மீட்டிருந்தார். "மாலைச் சடங்கு எங்கள் அனுபவ வடிவமைப்பின் உயிர்நாடி..."

றிப்னா கேட்கவில்லை. படிக்கட்டுக்கு ஓடி, போனில் வாப்பாவை அழைத்தாள்.

"வாப்பா, மேல்மாடியில கிடக்கிற துணிக் கட்டெல்லாம் இறக்குங்க! இன்டைக்கே! ஸ்டூடியோ கிடைச்சிட்டு!"

வாப்பா கடையே அதிரக் கூவினார். "அல்ஹம்துலில்லாஹ், மகள்!"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இனியாவது சொல்லுங்களே, நடிகர் யாரு?"