வாந்தி இல்லாத காட்சி

"வாந்தி மட்டும் வேண்டாம். அழட்டும், தரையில உருளட்டும், அதெல்லாம் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துல வர்ற தொடர் இது."

"அக்கா அழவே இல்ல டைரக்டர் சார். வாந்திதான் எடுத்தா."

இயக்குநர் பியோன் சிரித்தார். எதிரே இருந்த மிரே சிரிக்கவில்லை. இறந்துபோன மாடல் யூரிமின் தங்கை அவள். அக்காவின் கதையைத் தொடராக எடுக்க அவள் சம்மதித்ததே அந்த ஒரு காட்சிக்காகத்தான். சியோல் முழுக்க விளம்பரப் பலகைகளில் நின்றவள், பசியை அடக்கும் மாத்திரை கரைந்த வாந்தி நுரையோடு குளியலறைத் தரையில் செத்துக் கிடந்தாள். அதைப் பார்த்து ஒரு பெண்ணாவது மாத்திரையைக் கீழே போடுவாள் என்று மிரே நம்பினாள்.

அந்த மாத்திரையை வாங்கித் தந்ததும் அவள்தான். யூரிம் இருந்த எடைக்கு எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். அதனால் அறுபத்தெட்டு கிலோ மிரே தன் பெயரைக் கொடுத்து மாதாமாதம் மருத்துவமனை வரிசையில் நின்றாள்.

இந்த ஊரில் இதற்கெல்லாம் கௌரவமாக ஒரு சொல் வைத்திருந்தார்கள்: பராமரிப்பு. பட்டினி கிடந்தால் பராமரிப்பு. விரலை விட்டுக் கக்கினாலும் பராமரிப்பு. யூரிமின் சாவுக்குத் துக்கம் கேட்க வந்த பெரியம்மா, அங்கே பரிமாறிய மாட்டிறைச்சிக் காரச்சாற்றை உறிஞ்சிக்கொண்டே பூமாலைகளுக்கு நடுவிலிருந்த அவள் படத்தை நிமிர்ந்து பார்த்து, "கடைசிவரைக்கும் உடம்ப எப்படிப் பராமரிச்சிருக்கா பாரேன்" என்றாள். மிளகாய் எண்ணெய் அவள் மோவாயில் வழிந்தது. மிரே அன்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

"அசிங்கத்த யாரும்மா பாப்பாங்க?" என்றார் பியோன். "நம்ம சேபோமப் பாருங்க. உங்க அக்காவா நடிக்கிறதுக்காக ஒன்பது கிலோ எறக்கிட்டா. இதுதாம்மா பராமரிப்பு."

சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நடிகை சேபோம் இடுப்பை வளைத்து வணங்கினாள். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும்போலிருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று மிரேவுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. பியோனின் சிரிப்பைவிட, பெரியம்மாவின் மோவாயைவிட, அந்த நினைப்புதான் அவளுக்குக் குமட்டியது.

"அந்தக் காட்சி இல்லேன்னா என் சம்மதமும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஒப்பனை அறையில் கிடந்த தன் கோட்டை எடுக்கப் போனாள். பின்னாலேயே வந்த சேபோம் கதவைச் சாத்தினாள். புதினா மிட்டாயின் மணத்துக்கு அடியில், காலி வயிற்றின் புளித்த வாடை அடித்தது. யூரிமிடம் அடித்த அதே வாடை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வாந்திக் காட்சிய வெக்கச் சொல்லி நான் பேசறேன். நான் சொன்னா அவர் கேப்பாரு."

மிரே கோட்டோடு நின்றாள்.

"ஸ்கிரிப்ட்ல படிச்சேன், உங்க அக்காவுக்காக நீங்க வரிசையில நிப்பீங்கன்னு." சேபோமின் விரல்கள் மிரேவின் சட்டைக் கையைப் பற்றின. நகங்கள் நீலம் பூத்திருந்தன. "இந்த எடைக்கு டாக்டருங்க எனக்கும் இப்ப அந்த மாத்திரைய எழுதித் தர மாட்டேங்கறாங்கக்கா. உங்க பேர்ல ஒரே ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்கித் தர்றீங்களா?"