மூன்று தெருவுக்குக் கேட்ட நெஞ்சு

மோட்டார் மெக்கானிக்கின் இதயம் துடிப்பது மூன்று தெருவுக்குக் கேட்கும். மூடிய கதவை விரல் முட்டியால் தட்டுவது போல இரண்டு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு. அவளுடைய அப்பா பஸ் டிரைவர். பஸ் திருப்பத்தில் தென்படும் முன்பே அவர் நெஞ்சைக் கேட்டு, நிறுத்தத்தில் நிற்பவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். முடிதிருத்துபவரான தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதே தாளம். ஒட்டிய புருவமும், ஓடாமல் கிடக்கும் எந்திரத்தைக் கண்டால் சும்மா இருக்கமாட்டாத கையும் கூடவே வந்தன. எல்லாம் எங்கள் ரத்தம் என்று அவர்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மார் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் அந்தச் சத்தம் நின்றுபோவதும் ரத்தத்தில் வந்ததுதான். தாத்தா வாடிக்கையாளரின் ஒரு கன்னத்தை மழித்து முடித்து மறு கன்னத்தில் நுரை தடவும்போது போனார். பெரியப்பா பல் தேய்க்கும்போது. அப்பா பஸ்ஸை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனார். பயணிகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. மூவருமே அதற்கு முன் சில வாரங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. என்னவென்று கேட்டால் கழுத்தைச் சற்றுச் சாய்த்து, "ஒண்ணுமில்ல" என்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் முனகிக்கொண்டு செத்ததில்லை என்பதில் குடும்பத்துக்குத் தனிப் பெருமை.

மெக்கானிக்கின் கடையில் தண்ணீர் மோட்டார்கள் வரிசைகட்டிக் கிடக்கும். தன் நெஞ்சின் சத்தத்தைக் கழித்துவிட்டு மோட்டாரின் சத்தத்தை மட்டும் கேட்டு, பழுது பேரிங்கிலா காயிலிலா என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாள். கூட வேலை செய்தவன் தம்பி. பஸ்ஸின் கடைசி சீட்டில் யாரோ விட்டுப்போன கைக்குழந்தையை அப்பா முறைப்படி எழுதி வாங்கி வளர்த்த பிள்ளை. அவன் நெஞ்சில் காதை வைத்தால்தான் துடிப்பு கேட்கும். சின்ன வயதில் அதற்காக அவன் அழுததுண்டு.

அவளுக்கு நாற்பத்தேழு நடந்தபோது, ஒருநாள் மாடி ஏறுகையில் ஒரு தட்டு தவறியது. எதிர்வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "என்னம்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஒண்ணுமில்ல" என்றாள். ஆறு மாதம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் சங்கிலி நழுவி, ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் தம்பியின் விரல்மேல் இறங்கியது. நகம் பிய்ந்து தொங்கியது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

அதே குரல். அதே கழுத்துச் சாய்வு. துணியைக் கிழித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. இவன் உடம்பில் எங்கள் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லையே. அப்படியானால் இந்த வார்த்தை ரத்தத்தில் வந்ததல்ல; ஒரே மேசையில் சாப்பிட்டுச் சாப்பிட்டு இருமல் போலத் தொற்றியது. அவனுக்குக் கட்டுப்போட்டாள், ஷட்டரை இறக்கினாள், எண்ணெய்ச் சட்டையோடு அவனையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரலுக்குத் தையல் போட்டானதும் இதய டாக்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார், தேவைப்படாததால் மேசைமேல் வைத்தார், என்ன செய்கிறது என்று கேட்டார். பழைய வார்த்தை நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "வலிக்குது டாக்டர்," என்றாள். "ஆறு மாசமா வலிக்குது. எங்க வீட்ல எல்லாரும் நாப்பத்தெட்டுல போயிட்டாங்க. எனக்குப் போக இஷ்டமில்ல."

மூன்று தலைமுறையில் யாரும் அத்தனை வார்த்தை பேசியதில்லை.

"இது பரம்பரையா வர்றது. மாத்த முடியாது," என்றார் டாக்டர். "ஆனா ஒரு சின்னக் கருவி வெச்சா, துடிப்பு தவறும்போது அது தட்டிக் குடுக்கும்."

"பேட்டரி எத்தனை வருஷம் வரும்?"

"பத்து."

மெக்கானிக்குக்குத் திருப்தியாக இருந்தது. கருவியை வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பெரியப்பா பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பதினாறு பேரை வேன் பிடித்துக் கூட்டிப்போய்ச் சோதனை செய்ய வைத்தாள். அவர்கள் வரிசையில் நின்ற நேரம் முழுக்க ஆஸ்பத்திரி ஜன்னல்கள் அதிர்ந்தன. நான்கு பேருக்குக் கருவி தேவைப்பட்டது.

அவளுக்கு நாற்பத்தொன்பது பிறக்கும் நாளில் மூன்று தெருவும் மிக்சியை நிறுத்தி வைத்தது. பதினொரு மணிக்கு ஒரு தட்டு தவறியது. உடனே மெல்லிய, புதிய தட்டு ஒன்று கேட்டது. அதன் பின்னால் பழைய தாளம் வந்து சேர்ந்துகொண்டது. மிக்சிகள் ஓடத் தொடங்கின. தம்பி கடைவாசலில் எல்லோரும் பார்க்க அழுதான். என்னடா என்று அவள் அதட்டியதற்கு, "பயமா இருந்துச்சுக்கா," என்றான். அவள் அவன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அன்று மாலைவரை அவனுக்கு இடது காது கேட்கவில்லை.

அவளுக்கு அறுபத்திரண்டு ஆகி, இரண்டாவது பேட்டரி ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர், சாமான்களை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டுக் கடைக்கு வந்தார். "இது என்னங்க சத்தம்? எப்ப நிக்கும்?"

"எங்கக்காவோட நெஞ்சு," என்றான் தம்பி, தன் நெஞ்சை நிமிர்த்தி. "நிக்காது."

"அப்படியா," என்றுவிட்டு அவர் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையைத் தம்பி பிடித்துக்கொண்டான். இருவரும் அந்தத் தாளத்துக்கே அடியெடுத்து வைத்து மாடி ஏறினார்கள்.