பனியில் எரிந்த பின்விளக்கு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வாய் ஓயாது. "ரோட்டோரம்கிறது வேற வழியே இல்லைன்னா மட்டும் நிக்கிற இடம். நின்னா நாலு இண்டிகேட்டரையும் போடு. சிவப்பு முக்கோணத்தைத் தள்ளிக் கொண்டுபோய் வை. இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. செய்யலைன்னா, பின்னாடி நடக்கிற அத்தனைக்கும் சட்டப்படி நீதான் பொறுப்பு." வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மகளுக்கும் சொல்வார். அவள் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்த பாடம் இது.

அன்று காலை நெடுஞ்சாலையைப் பனி மூடியிருந்தது. மகளுக்குப் புது வேலையில் முதல் நாள். லைசென்ஸ் வாங்கிய சூடு ஆறவில்லை, தனியாகக் காரில் வருகிறாள். கொஞ்சம் முன்னால் ஸ்கூல் காரில் கிளம்பிவிட்ட மாஸ்டருக்குப் பாதி வழியில் கவலை பிடித்துக்கொண்டது. இந்தப் பனியில் பிள்ளை என்ன பாடு படுகிறாளோ! ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று காரை ஓரம் கட்டிப் போனை எடுத்தார். ஒரு நிமிட வேலைதானே என்று இண்டிகேட்டர் போடவில்லை. பின்விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மகள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று மிரட்டி வைத்தவர் இவர்தான். அது மறந்துபோய் மனிதர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

தலை நிமிர்ந்தால், பின்னால் ஒரு கார் நிற்கிறது. அதன் பின்னால் ஒரு வேன். அதற்கும் பின்னால் வரிசையாக விளக்குகள். பனியில் இவருடைய பின்விளக்கைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நம்பி அதே ஓரத்துக்குத் தொடர்ந்து வந்தவர்கள், முன்னால் ஏதோ நெரிசல் என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

அப்போது போன் அடித்தது.

"என்னப்பா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? இங்க பெரிய ஜாம்ப்பா. நீங்க சொன்ன மாதிரியே முன்னாடி வண்டியோட லைட்டைப் பார்த்துக்கிட்டே வந்தேன். இப்போ எல்லாரும் நின்னுட்டாங்க."

"உனக்குப் பின்னாடி யாரு நிக்கிறா?"

"யாருமில்லப்பா. நான்தான் கடைசி."

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. பனியில் எவனாவது வேகமாக வந்தால் முதல் அடி அவளுக்குத்தான். "இறங்கு! இறங்கிப் போய்..." என்பதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

காரை விட்டு இறங்கிப் பின்னால் ஓடினார்.

"என்ன சார் ஆச்சு முன்னாடி?" என்றார் முதல் காரில் இருந்தவர்.

"ஒண்ணுமில்ல. இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போங்க!"

ஒன்றுமில்லை என்றால் எவன் நம்புவான்? அவர் வேனைத் தாண்டுவதற்குள் பேச்சு அவரை முந்திக்கொண்டு ஓடியது. வேன்காரர், லாரி கவிழ்ந்துவிட்டது என்றார். அடுத்த காரில் அது இரண்டு பஸ்ஸானது. அதற்கும் அடுத்த காரிலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "முதல் வண்டிக்காரர் அங்கேயே போயிட்டாராம். ரெண்டு பிள்ளைங்களாம், பாவம்" என்றார். ஒரே மகளைப் பெற்ற மாஸ்டர் ஒரு கணம் நின்று அந்தப் பாவிக்காக வருத்தப்பட்டுவிட்டு மறுபடி ஓடினார்.

"இறங்குங்க, சட்டமே அப்படித்தான்!" என்று கத்தினார். சட்டத்துக்காக ஒருவரும் அசையவில்லை. கடைசியில் யாரோ, "டேங்கர் வெடிக்கப் போகுதாம்!" என்று கூவியதும்தான் மொத்தப் பேரும் கதவைத் திறந்துகொண்டு தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள்.

வரிசையின் கடைசியில் மகளின் கார் நாலு இண்டிகேட்டரும் மினுக்க நின்றது. உள்ளே ஆள் இல்லை. சிவப்பு முக்கோணம் வெகு தூரத்தில் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கையாட்டினாள். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாண்டிப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பனிக்குள்ளிருந்து ஒரு லாரி வந்தது. முக்கோணத்தைக் கண்டதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஈரத்தில் சறுக்கி, முக்கோணத்தை நசுக்கி, காலியாக நின்ற காரை முட்டித் தள்ளியது. அது முன்னால் நின்றதை முட்ட, டங், டங் என்று சத்தம் வரிசையோடு பனிக்குள் போனது. கடைசியாக எங்கோ தொலைவில் சின்னதாக ஒரு டங். தன் காரின் குரல் மாஸ்டருக்குத் தெரியாதா?

யார் மேலும் ஒரு கீறல் இல்லை. யாரோ போன் செய்திருந்ததால் போலீஸ்காரரும் வந்து சேர்ந்தார்.

"பின்னாடி வந்து இடிச்சவன் நீதானே?" என்று லாரி டிரைவரைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் கைகூப்பிக் கும்பிட்டார்.

"சார், முக்கோணத்தைப் பார்த்ததும் அவர் பிரேக் போட்டுட்டார்" என்றாள் மகள். "முதல்ல நின்ன வண்டி யாருதுன்னு பாருங்க."

"பார்த்துட்டுத்தான்மா வர்றேன். விபத்துமில்ல, ஒரு மண்ணுமில்ல. ஒரு கார் சும்மா நிக்குது. இண்டிகேட்டர்கூடப் போடல. ஆளைக் காணோம்."

"அந்த ஆளை விடாதீங்க சார். லைசென்ஸைப் பிடுங்குங்க. அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கப்பா டிரைவிங் மாஸ்டர், அவரையே கேளுங்க."

போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பனியில் தப்பித்துவிடலாம். லாரி டிரைவர் இன்னும் கும்பிட்டபடியே நின்றார். மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"அது என் கார்தான்."

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களா? எதுக்குப்பா அங்க நிறுத்துனீங்க?"

"உனக்குப் போன் பண்ணத்தான்மா."

"என்ன சொல்றதுக்கு?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தப் பனியில எங்கயும் ஓரமா நிறுத்திடாதேன்னு சொல்றதுக்கு."